கொதிக்கும் நீரில் எது பிரிகிறது? மூலக்கூறிடை விசைகளை இனம்காண ஒரு வழிகாட்டி

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித்தர உட்காரும்போது முதல் நாளே நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. உலையில் தண்ணீர் கொதிக்கிறது. அடியிலிருந்து குமிழிகள் எழுகின்றன. அந்தக் குமிழிக்குள் என்ன இருக்கிறது? 'காற்று' என்பார்கள் சிலர். கொஞ்சம் படித்தவர்கள் இன்னும் துணிந்து 'ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்' என்பார்கள். அந்தப் பதில் சரியாக இருந்தால், ரசம் கொதித்த நாளெல்லாம் சமையலறைக் கூரை பறந்திருக்க வேண்டும். ஹைட்ரஜன், ஆக்சிஜன், பக்கத்திலேயே நெருப்பு, வேறென்ன வேண்டும்?

குமிழிக்குள் இருப்பது நீராவி. எந்த நீர் மூலக்கூறும் அங்கே உடையவில்லை. ஒட்டிக்கொண்டிருந்த மூலக்கூறுகள் ஒன்றை விட்டு ஒன்று விலகியிருக்கின்றன, அவ்வளவுதான். ஒரு மோல் நீரை, அதாவது 18 கிராமை, ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோ ஜூல் ஆற்றல் போதும். அதே 18 கிராமில் உள்ள ஹைட்ரஜன்–ஆக்சிஜன் பிணைப்புகள் அத்தனையையும் முறிப்பதென்றால் 900 கிலோ ஜூலுக்கு மேல் வேண்டும். வீட்டுக்குள் இருப்பவர்களின் பிணைப்பு வேறு; வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் உள்ள உறவு வேறு. இந்தக் கட்டுரை அந்த 41 கிலோ ஜூலைப் பற்றியது. பக்கத்து வீட்டு உறவைப் பற்றியது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பொருளின் பெயரைச் சொன்னதும் அதன் மூலக்கூறுகளுக்கு இடையே என்னென்ன விசைகள் வேலை செய்கின்றன என்று சொல்ல வேண்டும். மனப்பாடம் தேவையில்லை. கேள்விகளைச் சரியான வரிசையில் கேட்டால் போதும். கையில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பிசைந்த மாவும் நான்கு ஈர்க்குச்சியும் கிடைத்தால் இன்னும் நல்லது. ஏன் என்பது பாதி வழியில் தெரியும்.

முதல் கேள்வி: அங்கே மூலக்கூறு இருக்கிறதா?

சாப்பாட்டு உப்பைக் காட்டி, 'இதில் உள்ள மூலக்கூறிடை விசை எது?' என்று கேட்டால், 'கேள்வியே தப்பு' என்பதுதான் சரியான பதில். உப்புக்கல்லில் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. எது எதற்கு ஜோடி என்று பிரித்துச் சொல்ல முடியாது. செப்புக் கம்பியிலும் மூலக்கூறு இல்லை. அங்கே இருப்பது உலோகப் பிணைப்பு. வைரத்திலும் ஆற்று மணலிலும் சகப்பிணைப்பே முடிவில்லாத வலையாகப் படர்ந்திருக்கிறது. இவற்றை உருக்க வேண்டுமானால் உண்மையான பிணைப்புகளோடுதான் மோத வேண்டும். அதனால்தான் இவற்றின் உருகுநிலைகள் அவ்வளவு உயரத்தில் இருக்கின்றன.

உலோகமும் அலோகமும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் அயனிச் சேர்மம். அலோகங்கள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் மூலக்கூறு. இரண்டு முறை 'பெரும்பாலும்' போட்டதற்குக் காரணம் இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தூவும் நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு. அதில் உலோகம் எதுவும் இல்லை. ஆனாலும் அது அயனிச் சேர்மம்.

மூலக்கூறு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மேலே போக வேண்டும்.

எல்லோருக்கும் உரியதை முதலில் எழுதிவிடுங்கள்

எந்த மூலக்கூறாக இருந்தாலும் சரி, தாளின் மேலே 'லண்டன் விசை' என்று எழுதிவிடுங்கள். யோசிக்கவே வேண்டாம். லண்டன் நகரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1930இல் குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு இதை விளக்கிய பிரிட்ஸ் லண்டன் என்ற இயற்பியலாளரின் பெயர் அது.

அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் மேகம் எப்போதும் அலைபாய்ந்துகொண்டிருக்கிறது. ஒரு கணம் அது இடப்பக்கம் சற்றுக் கூடுதலாகச் சாய்ந்தால் அந்தப் பக்கம் லேசாக எதிர்மின் தன்மையும் மறுபக்கம் லேசாக நேர்மின் தன்மையும் வந்துவிடும். பக்கத்தில் இருக்கும் மூலக்கூறின் மேகமும் அதற்கு ஏற்றபடி சாய்ந்துகொடுக்கும். இரண்டும் ஈர்த்துக்கொள்ளும். அடுத்த கணமே இந்த ஏற்பாடு கலைந்துவிடும். ஆனால் உடனே இன்னொன்று அமைந்துவிடும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஈர்ப்புதான்.

இதற்குச் சாட்சி ஹீலியம். அது ஒற்றை அணு. அதற்கு முனை, அதாவது நிலையாக நேர்மின்னாகவோ எதிர்மின்னாகவோ இருக்கும் பக்கம், கிடையாது. எவரோடும் பிணைப்புக் கிடையாது. ஆனாலும் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் அது திரவமாகிறது. ஈர்ப்பே இல்லாத பொருளாக இருந்தால் எவ்வளவு குளிர வைத்தாலும் திரவமாகியிருக்காது.

எலக்ட்ரான் மேகம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு எளிதாக அது சாய்ந்துகொடுக்கும். லண்டன் விசையும் அவ்வளவு கூடும். ஹாலஜன் குடும்பத்தைப் பாருங்கள். புளூரின் கொதிப்பது மைனஸ் 188 டிகிரியில். குளோரின் மைனஸ் 34இல். புரோமின் 59இல். அயோடின் 184இல். ஒரே குடும்பத்தில் இருவர் வாயு, ஒருவர் திரவம், ஒருவர் திண்மம். நான்கிலும் லண்டன் விசையைத் தவிர வேறு விசை இல்லை.

அளவோடு வடிவத்தையும் பார்க்க வேண்டும். ஐந்து கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன்; இதை மூன்று விதமாக அடுக்கலாம். நீளச் சங்கிலியாக இருக்கும் சாதாரண பென்டேன் 36 டிகிரியில் கொதிக்கிறது. ஒரு கிளை விட்டால் 28. பந்துபோல் உருண்ட நியோபென்டேன் என்றால் 9.5 தான். நீளமானவை உடம்பு முழுக்க ஒட்டிப் படுக்கும். பந்துகள் ஒரு புள்ளியில்தான் தொட்டுக்கொள்ளும்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் சீசாவுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும். அதே அலமாரியில் நல்லெண்ணெய் எப்போதும்போல் ஓடும். இரண்டுமே கொழுப்பு மூலக்கூறுகள்தான். சொல்லப்போனால் நல்லெண்ணெயின் சங்கிலிகள்தான் நீளமானவை. ஆனால் அவற்றில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் சங்கிலி வளைந்திருக்கிறது. வளைந்த குச்சிகளைக் கட்டாக அடுக்க முடியாது. தேங்காய் எண்ணெயின் சங்கிலிகள் பெரும்பாலும் நேரானவை. விறகுக் கட்டுபோல் நெருங்கிப் படுத்துக்கொள்கின்றன.

இந்தப் படியில் பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்றுதான். பின்னால் வேறு விசை அகப்பட்டதும் லண்டன் விசையை அடித்துவிடுகிறார்கள். அடிக்காதீர்கள். நீரிலும் அது உண்டு, சர்க்கரையிலும் உண்டு.

இனி வரையுங்கள்

பாதிப் பேர் வழுக்குகிற இடம் இது. பெயரைப் பார்த்தவுடன் விசையைச் சொல்லப் பார்க்கிறார்கள். நான் விடுவதில்லை. படம் வரையாமல் பதில் சொன்னால், அது சரியான பதிலாகவே இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை எண்ணுங்கள்: ஹைட்ரஜனுக்கு 1, கார்பனுக்கு 4, நைட்ரஜனுக்கு 5, ஆக்சிஜனுக்கும் கந்தகத்துக்கும் 6, ஹாலஜன்களுக்கு 7. பிணைப்புகளைப் போட்ட பிறகு மைய அணுவில் மிஞ்சும் எலக்ட்ரான்களைத் தனித்த இரட்டைகளாக வையுங்கள். பிறகு மைய அணுவைச் சுற்றி எத்தனை கூட்டம் என்று பாருங்கள். ஒரு பிணைப்பு ஒரு கூட்டம். அது இரட்டைப் பிணைப்பாக இருந்தாலும் ஒன்றுதான். ஒரு தனித்த இரட்டையும் ஒரு கூட்டம். கூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். இரண்டு கூட்டம் என்றால் நேர்கோடு. மூன்று என்றால் தட்டையான முக்கோணம். நான்கு என்றால் நான்முகி.

தனித்த இரட்டை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வடிவத்துக்குப் பெயர் வைக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. கார்பன் டை ஆக்சைடில் நடுவே உள்ள கார்பனுக்குத் தனித்த இரட்டை இல்லை, ஆகவே நேர்கோடு. சல்பர் டை ஆக்சைடிலும் நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஓர் ஆக்சிஜன். ஆனால் கந்தகத்தின் மேல் ஒரு தனித்த இரட்டை உட்கார்ந்திருப்பதால் மூலக்கூறு வளைந்துவிடுகிறது. போரான் டிரைபுளூரைடு தட்டை முக்கோணம். அம்மோனியா மூன்று கால் முக்காலிபோல் பிரமிடு வடிவம். பெயரைப் பார்த்தால் இரட்டையர்போல் இருக்கும் இவர்களைப் பிரித்துக் காட்டுவது படம்தான்.

தாளில் வரைந்தாலும் ஏமாற வாய்ப்பு இருக்கிறது. டைகுளோரோ மீத்தேனை வரையச் சொன்னேன். ஒரு மாணவி நடுவில் கார்பன், மேலும் கீழும் குளோரின், இடமும் வலமும் ஹைட்ரஜன் என்று அழகான சிலுவையாக வரைந்தாள். 'இரண்டு குளோரினும் எதிரெதிராக இழுக்கின்றன, சரிசமம், முனை இல்லை' என்று எழுதியும் விட்டாள். வாதத்தில் குறை இல்லை. படம்தான் பொய் சொல்லிவிட்டது.

மாவும் ஈர்க்குச்சியும் இப்போது வேண்டும். ஒரு மாவு உருண்டையில் நான்கு குச்சிகளை, ஒன்றுக்கொன்று எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகும்படி செருகுங்கள். மூன்று குச்சிகள் தரையில் கால் ஊன்றி நிற்கும். நான்காவது வானத்தைப் பார்க்கும். இரண்டு குச்சிகளின் நுனியில் பெரிய உருண்டை, மற்ற இரண்டில் சிறிய உருண்டை வையுங்கள். பெரிய உருண்டைகள் இரண்டையும் எதிரெதிரே வைக்க முயன்று பாருங்கள். எந்த இரண்டு குச்சியைத் தேர்ந்தெடுத்தாலும் அவை பக்கத்துப் பக்கத்துக் குச்சிகளாகத்தான் இருக்கும். நான்முகியில் எதிர்மூலை என்பதே கிடையாது. குளோரின்கள் இரண்டும் ஒரே பக்கமாகத்தான் இழுக்கின்றன. ஆகவே டைகுளோரோ மீத்தேன் முனைவுள்ள மூலக்கூறு. அந்த மாணவி சிலுவைப் படத்தை அதற்குப் பிறகு வரையவில்லை.

கயிறு எந்தப் பக்கம் போகிறது?

வடிவம் கிடைத்துவிட்டது. அடுத்து, ஒவ்வொரு பிணைப்பிலும் எலக்ட்ரான்களை யார் தன் பக்கம் இழுக்கிறார் என்று பார்க்க வேண்டும். லைனஸ் பாலிங் 1932இல் எலக்ட்ரான் கவர்தன்மைக்கு ஓர் அளவுகோல் அமைத்தார். இன்று அட்டவணைகளில் காணும் மதிப்புகளில் உங்களுக்கு அன்றாடம் தேவைப்படுபவை இவை: புளூரின் 3.98, ஆக்சிஜன் 3.44, குளோரின் 3.16, நைட்ரஜன் 3.04, புரோமின் 2.96, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20.

கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் வேறுபாடு வெறும் 0.35. அதை முனைவற்ற பிணைப்பாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆகவே மீத்தேன், புரொப்பேன், பெட்ரோலில் உள்ள ஹைட்ரோகார்பன்கள், மெழுகு எல்லாவற்றிலும் லண்டன் விசை மட்டும் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம்.

வேறுபாடு கூடுதலாக இருந்தால், இழுக்கிற அணுவை நோக்கி ஓர் அம்புக்குறி போடுங்கள். எல்லா அம்புகளையும் சேர்த்துப் பாருங்கள். கயிறிழுக்கும் போட்டியில் இரு பக்கமும் சமபலம் என்றால் கயிறு நகராது. கார்பன் டை ஆக்சைடில் நடப்பது அதுதான். பிணைப்புகள் முனைவுள்ளவை, மூலக்கூறு முனைவற்றது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் பாதிப் பாடத்தைத் தாண்டிவிட்டார். சல்பர் டை ஆக்சைடில் கயிறு வளைந்திருப்பதால் இரண்டு இழுப்பும் சேர்ந்து ஒரு பக்கம் போகும். மூலக்கூறுக்கு நிலையான முனைகள் வந்துவிடும். அப்போது தாளில் இரண்டாவது வரியாக 'இருமுனை–இருமுனை விசை' என்று எழுதுங்கள்.

குறுக்குவழி கேட்பவர்களுக்கு ஒன்று தருகிறேன். மைய அணுவில் தனித்த இரட்டை இல்லை, சுற்றியுள்ள அணுக்கள் எல்லாம் ஒன்றே என்றால் மூலக்கூறு முனைவற்றது. இரண்டில் எது தவறினாலும் முனை இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு அம்பு போட்டுப் பாருங்கள். செனான் டெட்ராபுளூரைடுபோல் தனித்த இரட்டைகள் இருந்தும் முனையில்லாமல் போகும் மூலக்கூறுகள் உண்டு. அதனால்தான் 'சந்தேகப்படுங்கள்' என்கிறேன். 'முடிவு செய்யுங்கள்' என்று சொல்லவில்லை.

முனை மட்டும் எவ்வளவு வேலை செய்கிறது என்று தனியாகப் பார்க்க ஆசையா? 1,2-டைகுளோரோ எத்தீன் இரண்டு மாற்றியங்களாகக் கிடைக்கிறது. அணுக்கள் அதே, எடை அதே. சிஸ் வடிவத்தில் குளோரின்கள் ஒரே பக்கம், முனை உண்டு. டிரான்ஸ் வடிவத்தில் எதிரெதிர்ப் பக்கம்; முனை இல்லை. சிஸ் ஏறத்தாழ 60 டிகிரியில் கொதிக்கிறது, டிரான்ஸ் 48இல். பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் முனையால் வந்தது.

ஹைட்ரஜன் பிணைப்பு: ஹைட்ரஜன் யார் கையில்?

ஆக்சிஜன் குடும்பத்தின் ஹைட்ரைடுகளை, அதாவது ஹைட்ரஜனோடு சேர்ந்த சேர்மங்களை, கீழிருந்து மேலாகப் பாருங்கள். டெல்லூரியம் ஹைட்ரைடு மைனஸ் 2 டிகிரியில் கொதிக்கிறது. செலினியம் ஹைட்ரைடு மைனஸ் 41இல். ஹைட்ரஜன் சல்பைடு மைனஸ் 60இல். மூலக்கூறு சிறுத்துக்கொண்டே வருவதால் கொதிநிலையும் இறங்குகிறது. இதே கோட்டை நீட்டினால் நீர் மைனஸ் 80ஐ ஒட்டிக் கொதிக்க வேண்டும். அப்படி நடந்திருந்தால் கடலும் இல்லை, காவிரியும் இல்லை. நீர் கொதிப்பதோ 100இல். 1920இல் பெர்க்லியில் லாட்டிமர், ரோட்புஷ் என்ற இருவர் நீரில் ஒரு ஹைட்ரஜன் இரண்டு ஆக்சிஜன்களுக்கு இடையே பிடிபட்டு நிற்கிறது என்று எழுதினார்கள். ஹைட்ரஜன் பிணைப்பு என்ற கருத்து அங்கிருந்துதான் ஊன்றி வளர்ந்தது.

அடையாளம் காணும் விதி எளிது. ஹைட்ரஜன் நேரடியாக நைட்ரஜனோடோ ஆக்சிஜனோடோ புளூரினோடோ ஒட்டியிருக்க வேண்டும். எதிரே வரும் மூலக்கூறில், அந்த மூன்றில் ஒன்றின் மேல் தனித்த இரட்டை இருக்க வேண்டும். முன்னது கொடுப்பவர், பின்னது வாங்குபவர். இருவரும் இருந்தால்தான் வியாபாரம்.

'நேரடியாக' என்ற சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். மதிப்பெண் போகும் இடம் அதுதான். இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். இதே உருப்படிகளைக் கொண்டு எத்தனாலும் செய்யலாம், டைமெத்தில் ஈதரும் செய்யலாம். ஈதரில் ஆக்சிஜன் இரண்டு கார்பன்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆறு ஹைட்ரஜனும் கார்பன்களின் கையில். எத்தனாலில் ஒரே ஒரு ஹைட்ரஜன் இடம் மாறி ஆக்சிஜனோடு ஒட்டியிருக்கிறது. ஈதர் கொதிப்பது மைனஸ் 24 டிகிரியில், எத்தனால் 78இல். ஒரு ஹைட்ரஜன் வீடு மாறியதற்கு நூறு டிகிரி.

இதேபோல் ஏமாற்றும் இன்னும் சிலர்: அசிட்டோன், பார்மால்டிஹைடு, மெத்தில் புளூரைடு. மூன்றிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. ஆக்சிஜனோ புளூரினோ இருக்கிறது. ஆனால் இரண்டும் பக்கத்தில் இல்லை. வாங்க ஆள் இருக்கிறது, கொடுக்க ஆள் இல்லை. தூய அசிட்டோனில் ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை என்றுதான் எழுத வேண்டும். அதையே நீரில் ஊற்றினால் கதை மாறும். நீர் கொடுக்கும், அசிட்டோன் வாங்கும். எந்த அளவிலும் இரண்டும் கலந்துவிடும்.

புளூரின்தான் எலக்ட்ரான் கவர்வதில் முதல்வன். பிறகு ஏன் ஹைட்ரஜன் புளூரைடு 19.5 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, நீர் 100 வரை போகிறது என்று கூர்மையான பிள்ளைகள் கேட்பார்கள். எண்ணிப் பாருங்கள். ஹைட்ரஜன் புளூரைடிடம் கொடுக்க ஒரு ஹைட்ரஜன்தான். வாங்க மூன்று இரட்டைகள் இருந்தும் பயனில்லை, சரக்கு இல்லை. நீரிடம் கொடுக்க இரண்டு, வாங்க இரண்டு; கணக்கு கச்சிதம். ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு பேரைப் பிடித்துக்கொள்ள முடியும்.

நைட்ரஜன், ஆக்சிஜன், புளூரின் என்ற மூவர் விதி தொடங்குபவர்களுக்கான விதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2011இல் தூய, பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் ஹைட்ரஜன் பிணைப்புக்குப் புதிய வரையறை தந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் இ. அருணன். அந்த வரையறை மூவரோடு நிற்காமல் கதவை அகலத் திறக்கிறது. குளோரோபார்மின் ஹைட்ரஜன் கார்பனோடுதான் ஒட்டியிருக்கிறது; ஆனாலும் அசிட்டோனோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் பிணைப்பு அமைக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில், திரவக் கலவைகளின் ஆவி அழுத்தத்தைச் சொல்லும் ரவுல்ட் விதியின் எதிர் விலக்கத்துக்கு எடுத்துக்காட்டாக வருவது இந்த ஜோடிதான். இப்போதைக்கு மூவர் விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடச் சொன்னால்

'எதன் கொதிநிலை அதிகம்?' என்ற கேள்வி வரும்போது பலர் கையில் எடுப்பது ஒரே வாய்பாடு: லண்டன் விசை பலவீனம், இருமுனை நடுத்தரம், ஹைட்ரஜன் பிணைப்பு பலம். இதை அரை உண்மை என்றுதான் சொல்வேன். ஒரே அளவுள்ள மூலக்கூறுகளுக்கு இது பொருந்தும்.

பொருந்தும் இடத்தை முதலில் பாருங்கள். சிகரெட் லைட்டருக்குள் இருக்கும் பியூட்டேன், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன், கையில் தேய்க்கும் கிருமிநாசினியில் வரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மூன்றின் மூலக்கூறு எடைகள் 58, 58, 60. ஏறக்குறைய சமம். பியூட்டேனில் லண்டன் விசை மட்டும். கொதிநிலை மைனஸ் 0.5. அசிட்டோனில் இருமுனை விசையும் சேர்கிறது, 56. ஆல்கஹாலில் ஹைட்ரஜன் பிணைப்பும் சேர்கிறது, ஏறத்தாழ 82. படிக்கட்டுபோல் ஏறுகிறது.

இப்போது படிக்கட்டு இடிகிற இடம். குளோரோபார்ம் முனைவுள்ளது. கார்பன் டெட்ராகுளோரைடு முனைவற்றது. வாய்பாட்டின்படி குளோரோபார்ம்தான் மேலே இருக்க வேண்டும். உண்மையில் குளோரோபார்ம் 61 டிகிரியில் கொதிக்கிறது, டெட்ராகுளோரைடு 77இல். ஹைட்ரஜன் இருந்த இடத்தில் எலக்ட்ரான் நிறைந்த குளோரின் வந்து உட்கார்ந்ததும் லண்டன் விசை அவ்வளவு கூடிவிட்டது. ஹைட்ரஜன் குளோரைடு, புரோமைடு, அயோடைடு வரிசையும் அப்படித்தான். முனைவு இறங்கிக்கொண்டே போகிறது. கொதிநிலை மைனஸ் 85, மைனஸ் 67, மைனஸ் 35 என்று ஏறிக்கொண்டே வருகிறது. வெறும் லண்டன் விசையை வைத்துக்கொண்டு அயோடின் அறை வெப்பநிலையில் திண்மமாக நிற்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு உள்ள நீர் பக்கத்தில் திரவமாக ஓடுகிறது. இதைப் பார்த்த பிறகும் லண்டன் விசையை ஏழை உறவினர்போல் நடத்துவது நியாயமில்லை.

ஆகவே ஒப்பிடும்போது முதலில் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். மூலக்கூறு எடை அதற்கு ஓரளவு அடையாளம். எடை நெருக்கமாக இருந்தால் முனையும் ஹைட்ரஜன் பிணைப்பும் முடிவு செய்யும். எடை வெகுவாக வேறுபட்டால் லண்டன் விசையை மதித்து, இரண்டு பக்கமும் எடை போட வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்பு உள்ள சிறிய மூலக்கூறு நடுத்தரமான முனைவற்ற மூலக்கூறைத் தாண்டிவிடும். மிகப் பெரியதைத் தாண்டாது.

பெயர்க் குழப்பம் ஒன்று. வாண்டர் வால்ஸ் விசை என்று சில புத்தகங்கள் லண்டன் விசையை மட்டும் சொல்கின்றன. சில புத்தகங்கள் இருமுனை விசையையும் சேர்த்துச் சொல்கின்றன. வாண்டர் வால்ஸ் 1873இல் தன் ஆய்வேட்டை எழுதியபோது இந்தப் பிரிவினை எதுவும் கிடையாது. உங்கள் பாடநூல் எந்தப் பொருளில் சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வெவ்வேறு பொருள் கலந்திருந்தால் இன்னும் இரண்டு பெயர்கள் வரும். உப்பு நீரில் கரையும்போது அயனிக்கும் நீரின் முனைக்கும் இடையே இருப்பது அயனி–இருமுனை விசை. குளத்து நீரில் ஆக்சிஜன் கரைந்திருப்பதற்குக் காரணமான ஈர்ப்புகளில் ஒன்று, நீர் தன் முனையால் ஆக்சிஜனின் மேகத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொள்வது; அதற்குத் தூண்டப்பட்ட இருமுனை விசை என்று பெயர்.

கைப்பழக்கத்துக்கு

எத்திலீன் கிளைக்கால்: கார் ரேடியேட்டரில் ஊற்றும் திரவத்தின் முக்கியச் சரக்கு. இரண்டு கார்பன், இரண்டிலும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் ஜோடி. லண்டன், இருமுனை, ஹைட்ரஜன் பிணைப்பு மூன்றும் உண்டு. எத்தனாலிலும் இதே மூன்றுதான். ஆனால் கிளைக்காலில் கொடுக்கும் கை இரண்டு. 78 இருந்த இடத்தில் கொதிநிலை 197.

நைட்ரஜன் டிரைபுளூரைடு: அம்மோனியாபோலவே பிரமிடு, முனை உண்டு, ஆனால் சொற்பம். ஹைட்ரஜனே இல்லாததால் ஹைட்ரஜன் பிணைப்புக்கு இடமில்லை. எடை 71 இருந்தும் மைனஸ் 129 டிகிரியில் கொதித்துவிடுகிறது. எடை 17 உள்ள அம்மோனியா மைனஸ் 33 வரை தாக்குப்பிடிக்கிறது. புளூரினும் நைட்ரஜனும் பெயரில் இருக்கிறதே என்று ஹைட்ரஜன் பிணைப்பு எழுதியவர்கள், 'நேரடியாக' என்ற சொல்லுக்குத் திரும்பிப் போகவும்.

கடைசியாக, டிரைமெத்தில் அமின். கடல் மீன் சற்றுப் பழசானால் மூக்கில் ஏறும் வாடை இதனுடையது. நைட்ரஜனைச் சுற்றி மூன்று மெத்தில் தொகுதிகள். மேலே ஒரு தனித்த இரட்டை. பிரமிடு வடிவம், முனை உண்டு. ஒன்பது ஹைட்ரஜனும் கார்பன்களிடம். நைட்ரஜனிடம் ஒன்றுகூட இல்லை. ஆகவே லண்டனும் இருமுனையும் மட்டும். இதே அணுக்களைக் கொண்ட புரொப்பைல் அமினில் நைட்ரஜனோடு இரண்டு ஹைட்ரஜன்கள் ஒட்டியிருக்கின்றன. அது 48 டிகிரி வரை திரவமாக நிற்கிறது. டிரைமெத்தில் அமினோ 3 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் ஊர் வெயிலில் அது சட்டியில் தங்குமா?

மீன் கழுவும்போது புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ விடுகிறோமே, அது என்ன செய்கிறது என்று இப்போது நீங்களே சொல்லலாம். புளியின் அமிலம் நைட்ரஜனின் தனித்த இரட்டைக்கு ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கிறது. அமின் அயனியாகிவிடுகிறது. முதல் கேள்வியிலேயே அது இந்தப் பட்டியலை விட்டு வெளியேறிவிட்டது. அயனி ஆவியாகிப் பறக்காது. நீரோடு நீராகக் கழுவப்பட்டுத் தொட்டிக்குள் போய்விடும்.